வெயில் போதும், காற்று போதாது: டிரெய்லர் வீட்டில் கையடக்க மின்சாரம் – மூன்று மாத மதிப்புரை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் குவார்ட்சைட் என்ற சிற்றூருக்குத் தெற்கே லா போசா என்றழைக்கப்படும் பாலைநிலம் இருக்கிறது. அந்நாட்டின் நில மேலாண்மைப் பணியகம் அங்கே நீண்ட காலத் தங்கலுக்கென்றே ஆயிரக்கணக்கான ஏக்கரை ஒதுக்கி, செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரையிலான பருவத்துக்கு அனுமதிச் சீட்டு தருகிறது. நாங்கள் சென்றபோது பருவம் முழுவதற்கும் 180 டாலரும், பதினான்கு நாட்களுக்கு மட்டும் என்றால் 40 டாலரும் கட்டணமாக இருந்தன. வண்டியை நிறுத்தும் இடத்தில் மின் இணைப்பு கிடையாது. தண்ணீர்க் குழாய் கிடையாது. குடிநீர் பிடிக்கவும் கழிவுநீர் கொட்டவும் பொது நிலையம் ஒன்று மட்டும் உண்டு. அந்த இடத்தில் நானும் என் கணவரும், இன்னொரு வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் வீடான இருபத்திரண்டு அடி நீள டிராவல் டிரெய்லர் ஒன்றில் டிசம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி முடியும்வரை வாழ்ந்தோம். இருவரும் வாரத்தில் ஐந்து நாட்கள் கணினியில் வேலை பார்த்தோம். அந்த மூன்று மாதமும் எங்களுக்கு மின்சாரம் தந்த பொருள்களைப் பற்றிய மதிப்புரை இது. கூரையில் பதித்த சோலார் தகடு ஒன்று, பெட்டிபோல் மடித்துத் தூக்கிச் செல்லும் கண்ணாடித் தகடு ஒன்று, துணியில் தைத்த மடக்குத் தகடு ஒன்று, கம்பத்தில் ஏற்றிய சிறு காற்றாலை ஒன்று ஆகிய நான்கையும் பயன்படுத்திப் பார்த்தேன். எதை வாங்கலாம், எதை வாங்கவேண்டாம் என்பதில் எனக்கு இப்போது ஐயம் இல்லை.

பொருள்களைப் பற்றிச் சொல்வதற்கு முன், எங்களுக்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்பட்டது என்று சொல்லிவிடுவது முறை. விளம்பரங்கள் எல்லாம் வாட் கணக்கில் பேசுகின்றன. ஆனால் பேட்டரிக்குள் போவதும் வெளியே வருவதும் நம் ஊர் மின்கட்டண அட்டையில் எழுதும் யூனிட் கணக்குதான். ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். எங்கள் 12 வோல்ட் குளிர்பெட்டி நாளொன்றுக்கு 0.6 யூனிட் எடுத்தது. மடிக்கணினிகள் இரண்டும் சேர்ந்து 0.45, செயற்கைக்கோள் இணையக் கருவி 0.4, புரொப்பேன் வாயுவில் எரியும் சூடேற்றியின் காற்றாடி 0.27, விளக்குகளும் தண்ணீர் மோட்டாரும் 0.1, இன்வெர்ட்டர் சும்மா இயங்கிக்கொண்டிருப்பதற்கு மட்டும் 0.15. மொத்தம் ஏறத்தாழ இரண்டு யூனிட். வாயுவில் எரிவதுதானே என்று நாங்கள் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்த சூடேற்றி, காற்றாடியை ஓட்ட 90 வாட் இழுக்கிறது என்பதை முதல் குளிர் இரவில்தான் தெரிந்துகொண்டோம். இணையக் கருவியும் அப்படித்தான்; நாள் முழுவதும் விடாமல் எடுத்துக்கொண்டே இருப்பதால், நாங்கள் நினைத்ததைவிட அதிகமாகப் பேட்டரியைக் கரைத்தது.

கூரைத் தகட்டிலிருந்து தொடங்குகிறேன். டிரெய்லர் வாங்கும்போதே தொழிற்சாலையில் பதித்துத் தந்த 200 வாட் தகடு அது; கூரையோடு கூரையாகப் படுத்த நிலையில் இருக்கும். தமிழ்நாட்டில் மொட்டை மாடியில் தகடு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கிடைநிலை பெரிய குறையாகத் தோன்றாது. சித்திரையில் சூரியன் அங்கே நேர் உச்சிக்கே வருகிறது, மார்கழியிலும் அவ்வளவு தாழ்ந்துவிடுவதில்லை. குவார்ட்சைட் 33 பாகைக்கும் சற்று வடக்கே இருப்பதால், டிசம்பர் 21 அன்று நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 33 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. படுத்திருக்கும் தகட்டின்மேல் அந்தச் சாய்ந்த ஒளி விழும்போது, நேராக எதிர்கொண்டிருந்தால் கிடைத்திருக்கும் நேரடி வெயிலில் நூற்றுக்கு 54 பங்குதான் அதற்குக் கிட்டுகிறது. காலையிலும் மாலையிலும் இந்தப் பங்கு இன்னும் குறைவு. டிசம்பரின் தெளிந்த நாள் ஒன்றில் எங்கள் கூரைத் தகடு தந்தது அரை யூனிட். அதாவது எங்கள் தேவையில் கால்பங்கு. தகட்டில் குறையில்லை, அது படுத்திருக்கும் கோணத்தில்தான் குறை. குளிர்காலத்தில் பாலைவனத்துக்கு வருகிறவர்கள் கூரை முழுவதும் தகடுகளால் நிரப்பச் செலவழிப்பதற்கு முன் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும் என்பேன்.

கண்ணாடிப் பெட்டித் தகடு இந்தக் குறையை அப்படியே நீக்கிவிடுகிறது. நூறு வாட் தகடுகள் இரண்டைக் கீல் வைத்து இணைத்து, கைப்பிடியும் மடக்குக் கால்களும் பொருத்தியிருக்கிறார்கள். எடை பன்னிரண்டு கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். நான் 260 டாலருக்கு வாங்கினேன். டிரெய்லரை நிழலில் நிறுத்திவிட்டுத் தகட்டை மட்டும் வெயிலில் வைக்க முடிகிறது. லா போசாவில் மரம் என்று சொல்ல அங்கங்கே பாலோ வெர்டேயும் அயர்ன்வுட்டும்தான் என்றாலும், பிப்ரவரிப் பிற்பகல்களில் அந்தச் சிறு நிழலே டிரெய்லருக்குள் பெரிய வேறுபாட்டைத் தந்தது. கால்களை நன்றாக நிமிர்த்தி 57 பாகைச் சாய்வில், தெற்கு நோக்கி வைத்துவிட்டு நாள் முழுவதும் தொடாமல் விட்டால் 0.8 யூனிட்டுக்கு மேல் வந்தது. காலையில் தென்கிழக்கு, நண்பகலில் தெற்கு, பிற்பகலில் தென்மேற்கு என்று மூன்று முறை திருப்பினால் ஒரு யூனிட்டைத் தொட்டது. கூரையில் இருப்பதும் 200 வாட், இதுவும் 200 வாட். ஒன்று அரை யூனிட் தருகிறது, மற்றது அதைப்போல் இருமடங்கு தருகிறது. தேநீர் போட எழும்போதெல்லாம் வெளியே போய் அதைத் திருப்பி வைப்பது எனக்கு ஒரு வேலையாகவே தோன்றவில்லை.

ஆனால் இந்தப் பெட்டித் தகட்டில், பெட்டியைத் திறந்த முதல் வாரத்திலேயே என்னை மிகவும் வருத்திய குறை ஒன்று இருந்தது. அதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதே அமைப்பில்தான் பெரும்பாலான நிறுவனங்கள் பெட்டித் தகடுகளை விற்கின்றன, வாங்குகிறவர்களும் தகடு பழுதென்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். தகட்டின் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி கட்டுப்படுத்தி அனுப்பும் சார்ஜ் கன்ட்ரோலரைத் தகட்டின் முதுகிலேயே ஒட்டி, மூன்று மீட்டர் கம்பியோடு தருகிறார்கள். மூன்று மீட்டரில் வெயில் விழும் இடத்துக்குப் போக முடியாது. ஆகவே எல்லோரும் செய்வதுபோல் நானும் கடையில் கிடைத்த 14 கேஜ் கம்பியை வாங்கிப் பத்து மீட்டர் நீட்டினேன். நண்பகலில், துளி மேகம் இல்லாத வானத்தின் கீழ், பேட்டரிக்குள் போனது 90 வாட்டுக்கும் குறைவு. தகட்டைத் துடைத்தேன், கோணத்தை மாற்றினேன், இணைப்புகளைக் கழற்றி மாட்டினேன். எதிலும் மாற்றம் இல்லை.

பக்கத்து டிரெய்லரில் இருந்த, முப்பதாண்டு மின்பணியாளராக உழைத்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர்தான் மீட்டரை எடுத்துவந்து காரணத்தைக் காட்டினார். பத்து மீட்டர் தூரமென்றால் மின்சாரம் போகவும் வரவுமாக இருபது மீட்டர் கம்பி. அந்த மெல்லிய கம்பியில் பத்து ஆம்பியர் ஓடினால் ஒன்றரை வோல்ட்டுக்கும் மேல் வழியிலேயே தொலைகிறது. பேட்டரியின் முனையில் 13.3 வோல்ட் இருக்கும்போது, தகட்டின் முதுகில் இருக்கும் கன்ட்ரோலரோ தன் முனையில் 14.4 வோல்ட்டைப் பார்க்கிறது. பேட்டரி நிரம்பிவிட்டது என்று முடிவுசெய்து மின்னோட்டத்தைக் குறைத்துவிடுகிறது. கன்ட்ரோலர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, ஆனால் அது நிற்கவேண்டிய இடம் தகட்டின் பக்கம் அல்ல, பேட்டரியின் பக்கம். இதோடு, அது பிடபிள்யூஎம் என்ற எளிய வகை என்பதால், 18 வோல்ட்டில் வேலை செய்ய விரும்பும் தகட்டைப் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்துவிடுகிறது. கம்பியே இல்லாமல் நேராக மாட்டியிருந்தாலும் 200 வாட் தகட்டில் 140 வாட்டுக்குமேல் அதன் வழியாக வந்திருக்காது.

அந்தக் கன்ட்ரோலரைக் கழற்றி வைத்துவிட்டு, விக்ட்ரான் நிறுவனத்தின் ஸ்மார்ட்சோலார் 100/30 என்ற கன்ட்ரோலரைப் பேட்டரிக்கு ஒரு முழ தூரத்தில் பொருத்தினோம். இது எம்பிபிடி வகை; தகட்டை அதற்கு உகந்த வோல்ட்டிலேயே வேலை செய்யவிட்டு, மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்ற வோல்ட்டுக்கு மாற்றித் தருவது. நூறு வாட் தகடுகள் இரண்டையும் தொடராக இணைத்து, கம்பியை இன்னும் தடித்த 10 கேஜுக்கு மாற்றினோம் (கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும்). தொடராக இணைத்தால் வோல்ட் இருமடங்காகி ஆம்பியர் பாதியாகிறது. ஆம்பியர் பாதியானால் கம்பியில் வீணாகும் ஆற்றல் கால்பங்காகிறது. மறுநாள் நண்பகலில் அதே தகடு 180 வாட் தந்தது. தகட்டுக்கு ஒரு காசும் கூடுதலாகச் செலவழிக்காமல், அதன் விளைச்சல் இருமடங்கானதைக் கண்ணால் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது. இந்தக் கன்ட்ரோலர் கடந்த முப்பது நாட்களின் விளைச்சலை நாள்வாரியாகச் சேமித்து, புளூடூத் வழியாகக் கைபேசியில் காட்டுகிறது. இந்த மதிப்புரையில் உள்ள சூரியக் கணக்குகள் பெரும்பாலும் அதிலிருந்து எடுத்தவை. 100 வோல்ட்வரை உள்ளே வாங்கும், 12 வோல்ட் பேட்டரிக்கு 440 வாட்வரை கையாளும் என்பதால் இரண்டாவது தகட்டுக்கும் அதில் இடம் இருந்தது. நாங்கள் வாங்கிய எல்லாவற்றிலும், செலவழித்த டாலருக்கு அதிகப் பயன் தந்தது இதுதான்.

இரண்டாவது தகடு துணியில் தைத்தது. நான்கு மடிப்பு, ஏழு கிலோ, 320 டாலர். கண்ணாடித் தகட்டோடு இணையாக மாட்டுவதற்காக, 36 வோல்ட் தரும் வகையாகத் தேடி வாங்கினேன். இணையாக மாட்டும் தகடுகளின் வோல்ட் ஒத்திருக்கவேண்டும் என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. எடை குறைவு என்பது இதன் முதன்மையான நன்மை. என்னால் ஒரு கையால் தூக்க முடிந்தது. ஆனால் 200 வாட் என்று அச்சிட்டிருந்த இதில் நான் கண்ட மிக உயர்ந்த அளவு 155 வாட். தகட்டுக்குப் பின்னால் காற்று புகுந்து குளிர்விக்க இடைவெளி இல்லாததும், நான்கு மடிப்புகளும் ஒரே தளத்தில் விறைப்பாக நிற்காமல் தொய்வதும் இதற்குக் காரணங்கள் என்று நினைக்கிறேன். இரண்டாம் மாதத்தில் ஒரு மடிப்பின் தையல் விட்டது. வண்டியில் இடமோ, தூக்கும் வலிமையோ குறைவாக உள்ளவர்களுக்கு மட்டும் இதைப் பரிந்துரைப்பேன். மற்றவர்கள் கண்ணாடியே வாங்கலாம்.

இரண்டையும் தரையில் கட்டி வைப்பது கட்டாயம். லா போசாவில் பல நாட்கள் இலை அசையாது. பிறகு வடக்கிலிருந்து ஒரு குளிர்முனை, அதாவது குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு, இறங்கினால் இரண்டு நாட்கள் விடாமல் வீசும். நிமிர்ந்து நிற்கும் தகடு பாய்மரத்துக்குச் சமம். சரளைக் கற்கள் இறுகிய அந்தத் தரையில் கூடார முளைகள் இறங்காததால், பாலைவனத்து மண்ணையே நிரப்பிய பைகளைக் கால்களின்மேல் வைத்தோம். அருகில் ஒருவரின் தகடு கவிழ்ந்து கண்ணாடி நொறுங்கியதைப் பார்த்த பிறகு, காற்று பலமாக வீசும் இரவுகளில் மடித்து உள்ளே வைத்துவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டோம்.

இனிக் காற்றாலை. நான் நாகர்கோவில் பக்கத்துப் பெண். ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம் முப்பந்தலின் காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுழல்வதைப் பார்த்து வளர்ந்தவள். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியில் நெருக்கிப் புகுந்து வரும் அந்த இடத்தில், ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியை யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. ஆகவே, சூரியன் இல்லாத இரவிலும் மின்சாரம் தரும் 400 வாட் காற்றாலை என்ற விளம்பரத்தைக் கண்டபோது, சூரியத் தகட்டைவிட அதன்மேல்தான் எனக்கு நம்பிக்கை அதிகமாக இருந்தது. காற்றாலை, அதற்கான கன்ட்ரோலர், இழுத்துக் கட்டும் கம்பிகளோடு கூடிய ஐந்து மீட்டர் மடக்குக் கம்பம் எல்லாம் சேர்த்து 450 டாலர் ஆயிற்று.

ஜனவரியில் இருபத்து நான்கு நாட்கள், இரவு பகலாக அதை ஓடவிட்டு அளந்தேன். அது தந்தது மொத்தம் ஒன்றரை யூனிட். அதில் பெரும்பகுதி குளிர்முனை இறங்கிய மூன்று நாட்களில் வந்தது. மற்ற இருபத்தொரு நாட்களும் சேர்ந்து 0.3 யூனிட். பெட்டித் தகடு ஒன்றரை நாளில் தருவதைக் காற்றாலை இருபத்து நான்கு நாட்களில் தந்திருக்கிறது.

கருவி பழுதில்லை, நான் வாங்கிய கருவி, அதன் வகைக்கு ஏற்றபடிதான் வேலை செய்தது. காரணம் காற்றின் இயல்பிலேயே இருக்கிறது. காற்றில் உள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடிக் குறைகிறது: வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். என் காற்றாலையின் இறக்கைகள் வரையும் வட்டத்தின் விட்டம் 1.2 மீட்டர், பரப்பு 1.13 சதுர மீட்டர். வினாடிக்கு 12.5 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று அந்த வட்டத்தின் வழியாக ஏறத்தாழ 1,300 வாட் ஆற்றலைக் கொண்டுபோகிறது. எவ்வளவு சிறந்த காற்றாலையாலும் அதில் நூற்றுக்கு 59 பங்குக்குமேல் பிடிக்க இயலாது என்பதை ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் 1920 வாக்கிலேயே நிறுவிவிட்டார். சிறு கருவிகள் முப்பது பங்கைப் பிடித்தாலே நன்று. பெட்டியில் அச்சிட்ட 400 வாட் அங்கிருந்து வருகிறது. ஆனால் இலேசான தென்றல் என்று நாம் மகிழும் காற்றின் வேகம் வினாடிக்கு ஐந்து மீட்டர்கூட இருப்பதில்லை. ஐந்து மீட்டர் வேகத்தில் அதே வட்டத்தின் வழியாகப் போவது 85 வாட் மட்டுமே, கைக்குக் கிடைப்பது இருபது வாட். மூன்று மீட்டருக்குக் கீழே இறக்கை சுழன்றாலும் பேட்டரிக்கு எதுவும் போகாது. மணிக்கு 45 கிலோமீட்டர் காற்றடிக்கும் இடத்தில் டிரெய்லரை நிறுத்தி எவரும் குளிர்காலத்தைக் கழிக்கமாட்டார்கள் என்பதால், அந்த 400 வாட் என்ற எண் எங்களைப் போன்றவர்களுக்குப் பொருளற்றது.

முப்பந்தலோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் என் நம்பிக்கை எங்கே பிழைத்தது என்று புரிந்தது. இப்போது நிறுவப்படும் பெரிய காற்றாலைகளுக்கு நூறு மீட்டரும் அதற்கு மேலும் விட்டம் உண்டு. நூறு மீட்டர் என்றாலே வட்டப் பரப்பு என் காற்றாலையினுடையதைப்போல் ஏறக்குறைய ஏழாயிரம் மடங்கு. தரையின் உராய்வும் கட்டடங்களின் தடையும் எட்டாத உயரத்தில், காற்றுக்கென்றே தேர்ந்தெடுத்த இடத்தில் அவை நிற்கின்றன. வீட்டுக் காற்றாலைக்கே, சுற்றிலும் முந்நூறு அடிக்குள் இருக்கும் எந்தத் தடையையும்விட இறக்கைகள் முப்பது அடியாவது உயரமாக இருக்கவேண்டும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை அறிவுறுத்துகிறது. என் கம்பம் ஐந்து மீட்டர். பக்கத்திலேயே மூன்று மீட்டர் உயர டிரெய்லர். அதன்மேல் மோதிச் சுழித்து வரும் காற்றில் காற்றாலை திசை தெரியாமல் அலைந்துகொண்டே இருந்ததை நான் பலமுறை பார்த்தேன்.

விளைச்சல் ஒருபக்கம் இருக்க, அதனோடு வாழ்வதும் எளிதாக இல்லை. தொடக்கத்தில் கம்பத்தை டிரெய்லரின் பின்புற ஏணியோடு கட்டியிருந்தோம். அதன் அதிர்வு அலுமினியச் சுவர் வழியாக உள்ளே இறங்கி, படுக்கைக்கு அடியில் யாரோ விடாமல் முனகுவதுபோல் கேட்டது. கம்பத்தைத் தனியாக நட்டு நாலாபக்கமும் இழுத்துக் கட்டிய பிறகு அது குறைந்தது, ஆனாலும் காற்று வீசும் இரவில் இறக்கையின் இரைச்சலை நிறுத்த முடியாது. லா போசாவில் இரவு பத்து முதல் காலை ஆறுவரை அமைதி நேரம். ஜெனரேட்டர்களை எல்லோரும் நிறுத்திவிட்ட அந்த அமைதியில் எங்கள் காற்றாலை மட்டும் ஒலித்துக்கொண்டிருப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. பாதுகாப்பையும் சொல்லவேண்டும். பலத்த காற்றில் இறக்கையின் நுனி மணிக்கு 250 கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் வெட்டிச் செல்கிறது. சுழன்றுகொண்டிருக்கும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றினால் தடுக்கும் சுமை இல்லாமல் வேகம் கட்டுமீறும். ஆகவே நிறுத்துவிசையைப் போட்ட பிறகே எதையும் தொடவேண்டும். சோலார் கன்ட்ரோலரில் காற்றாலையை மாட்டவே கூடாது. உபரி மின்சாரத்தை வெப்பமாக்கி வீணாக்கும் சுமை கொண்ட தனிக் கன்ட்ரோலர் அதற்கு வேண்டும். சோலார் தகட்டைக் கழற்றினால் அது சும்மா இருக்கும். காற்றாலை அப்படி இருக்காது.

இன்னொன்றும் கவனித்தேன். வெயில் இல்லாத நாளில் காற்று கைகொடுக்கும் என்பதுதான் இரண்டையும் சேர்த்து வாங்கச் சொல்பவர்களின் வாதம். நாங்கள் இருந்த மூன்று மாதத்தில், குளிர்முனை கடந்துபோன மறுநாள்தான் காற்று பலமாக வீசியது. அன்று வானம் துடைத்துவிட்டதுபோல் தெளிந்திருந்தது. மேகம் மூடிய நாட்களில் காற்றும் மந்தமாகவே இருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று துணை என்பது எல்லா ஊருக்கும் பொருந்தும் உண்மை அல்ல.

பொருந்தும் இடங்களும் உண்டு. டெக்சஸ் மாநிலத்தின் கார்ப்பஸ் கிறிஸ்டி போன்ற, மெக்சிகோ வளைகுடாவின் காற்று ஆண்டு முழுவதும் வீசும் கடற்கரைகளில் கணக்கு மாறும். கரிபியக் கடலில் நங்கூரமிடும் பாய்மரப் படகுகள் பலவற்றின் பின்புறத்தில் சிறு காற்றாலை சுழல்வதற்கு நியாயம் இருக்கிறது. அங்கே தடையற்ற நீர்ப்பரப்பின்மேல் வாணிபக் காற்று வினாடிக்கு ஏழு, எட்டு மீட்டர் வேகத்தில் இரவு பகலாக வீசும்போது, என்னிடமிருந்த இதே அளவுக் கருவி நாளொன்றுக்கு ஒன்றரை யூனிட் தரக்கூடும். இருபத்து நான்கு நாட்களில் எனக்குக் கிடைத்தது அங்கே ஒரே நாளில் கிடைக்கும். வாங்க நினைப்பவர்கள் முதலில் இருபது டாலருக்குக் கிடைக்கும் காற்றுமானி ஒன்றை வாங்கி, தாங்கள் தங்கும் இடத்தில் இரண்டு வாரம் அளந்து பார்க்கட்டும். நானும் அதை முதலில் செய்திருக்கவேண்டும்.

பேட்டரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிரெய்லரோடு வந்த ஈய அமில பேட்டரிகளைப் பாதிக்குக் கீழே வடியவிட்டால் அவற்றின் ஆயுள் குறையும் என்பதால், நூறு ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் இரண்டை 500 டாலருக்கு வாங்கி மாற்றினோம். இரண்டும் சேர்ந்து 2.56 யூனிட் தாங்கும், ஏறக்குறைய முழுவதையும் பயன்படுத்தலாம். உறைநிலைக்குக் கீழே இந்த வகை பேட்டரிக்கு மின்னேற்றக் கூடாது. பல பேட்டரிகளில் உள்ளிருக்கும் காப்புச் சுற்று தானே தடுத்துவிடும். பாலைவனத்து ஜனவரி அதிகாலைகள் சில உறைநிலையை நெருங்கியதால், டிரெய்லரின் முன்புற இழுவைச் சட்டத்தின்மேல் இருந்த பேட்டரிப் பெட்டியைக் காலிசெய்து, கட்டிலுக்கு அடியில் இடம் ஒதுக்கினோம்.

தமிழ் வாசகர்கள் கேட்கக்கூடிய கேள்விக்கும் விடை சொல்லிவிடுகிறேன். ஆம், கிரைண்டர் ஓடியது. 110 வோல்ட்டில் ஓடும் மேசை கிரைண்டர் 150 வாட் எடுக்கிறது. நாற்பது நிமிடம் அரைத்தால் 0.1 யூனிட். மதியம் பன்னிரண்டு மணிக்கு, பேட்டரி நிரம்பித் தகடுகள் சும்மா இருக்கும் வேளையில் அரைத்துக்கொண்டால் அந்த மின்சாரம் கணக்கிலேயே வராது. இதற்கு இன்வெர்ட்டர், வீட்டு மின்சாரம்போல் சீராக ஏறி இறங்கும் தூய சைன் அலை தரும் வகையாக இருக்கவேண்டும். மலிவான திருத்திய அலை இன்வெர்ட்டரில் கிரைண்டர் மோட்டார் உறுமிச் சூடாவதை நண்பர் ஒருவரின் வண்டியில் பார்த்திருக்கிறேன். ஆயிரம் வாட் போதுமானதாக இருந்தது. சமையல் முழுவதும் குக்கரில், வாயு அடுப்பில். குளிரில் மாவு புளிக்க மறுத்தபோது, இன்வெர்ட்டரின் இளஞ்சூடு பரவும் அலமாரியில், காற்றுத் துளைகளை மறைக்காமல் பாத்திரத்தை வைத்தேன், காலையில் பொங்கியிருந்தது.

தகடுகள் மூன்றும் சேர்ந்து தெளிந்த நாளில் 2.2 யூனிட் தந்தன. மேகம் மூடிய நாளில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராத நேரங்கள் உண்டு. தொடர்ந்து மூன்று நாட்கள் மழை மேகம் நின்ற ஒருமுறை, பக்கத்து முதியவரின் ஹோண்டா EU2200i ஜெனரேட்டரை இரண்டு மணி நேரம் இரவல் வாங்கினோம். கால்பங்குச் சுமையில் எட்டு மணி நேரம் ஓட நான்கு லிட்டருக்கும் குறைவான பெட்ரோல் போதும் அந்தக் கருவிக்கு. நாங்கள் சூரியனைக் கொண்டு ஒன்றரை நாளில் சேர்க்கும் ஆற்றல் அந்த ஒரு தொட்டியில் இருக்கிறது. அதன் விலை ஆயிரம் டாலருக்கு மேல் என்பதால், தொண்ணூறு நாட்களில் ஒரே ஒருமுறை தேவைப்பட்ட பொருளை நாங்கள் வாங்கப்போவதில்லை. அதற்குப் பதிலாக, இழுவை வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து, அதாவது இன்ஜினோடு சேர்ந்து ஓடி மின்சாரம் தரும் கருவியிலிருந்து, பேட்டரிக்கு மின்னேற்றும் டிசி-டிசி சார்ஜர் ஒன்றை அடுத்த பருவத்துக்குமுன் பொருத்த எண்ணியிருக்கிறோம். மேகமூட்டம் நீடித்தால் வண்டியை ஓட்டி வேறு வெயிலுக்கும் போகலாம், போகிற வழியில் பேட்டரியும் நிரம்பும்.

காற்றாலையைப் பிப்ரவரி இறுதியில் விற்றுவிட்டோம். வாங்கியவர் மெக்சிகோவின் கோர்ட்டெஸ் கடலில் படகில் குளிர்காலத்தைக் கழிப்பவர். அங்கே வடகாற்று எழும்பினால் நாட்கணக்கில் ஓயாது. அளந்த எண்களை எல்லாம் அவரிடம் காட்டிவிட்டுத்தான் விலை பேசினேன். கிடைத்த தொகையில் இன்னொரு கண்ணாடிப் பெட்டித் தகடு வாங்கியாயிற்று. தையல் விட்ட துணித் தகடு இருந்த இடத்தில் இப்போது அது இருக்கிறது, அதன் முதுகில் இருந்த கன்ட்ரோலரை முதல் நாளிலேயே கழற்றிவிட்டேன்.